கண்டியில் ஒரு பை ரத்தம்

என் ரத்தம் கொஞ்சம் திமிர் பிடித்தது. யாருக்கும் கொடுக்கலாம் என்று பெயரெடுத்த ஓ பிரிவு ரத்தத்தைக்கூட அது கிட்டே சேர்க்காது. பாம்பே குரூப் என்று சொல்வார்கள். ஊரையே சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒருத்தர் தேறுவது கஷ்டம். அந்த ஒருத்தருக்கு ரத்தம் வேண்டுமென்றால் இன்னொரு பாம்பே குரூப் ஆள்தான் வந்து கையை நீட்ட வேண்டும். திருச்சியில் பெண்கள் விடுதி நடத்திக்கொண்டு, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் யாரையாவது அதட்டிக்கொண்டே இருக்கிற எனக்கு உள்ளே இப்படியொரு சரக்கு ஓடுகிறது என்பது கர்ப்பப்பையை எடுக்கப் போனபோதுதான் தெரியவந்தது. அன்றிலிருந்து பெங்களூரில் ஒரு சார் என் எண்ணை வைத்திருக்கிறார். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். அவர் கூப்பிட்டால் போவேன். சேலம் போயிருக்கிறேன், கொச்சி போயிருக்கிறேன். இந்தத் தடவை அவர் சொன்ன ஊர் கண்டி.

"கண்டின்னா, சிலோன் கண்டியா சார்?"

"அதே கண்டிதாம்மா. தேயிலைத் தோட்டத்துப் பொண்ணு. ரெண்டாவது பிரசவம். நஞ்சுக்கொடி கீழ இறங்கி கர்ப்பப்பை வாயை மூடிக்கிட்டு இருக்காம். ஆபரேஷன்ல ரத்தம் கொட்டுச்சுன்னா ஏத்துறதுக்கு அங்க கைவசம் ஒண்ணும் இல்ல. வழக்கமா குடுக்கிறவர் இப்பதான் இன்னொருத்தருக்குக் குடுத்திருக்கார்."

என் ரத்தத்தை ஒரு பெட்டியில் வைத்து அனுப்பிவிடக் கூடாதா என்று கேட்டேன். "ரெண்டு நாட்டு அனுமதியும் வாங்குறதுக்குள்ள அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே போயிடும். ஆளை அனுப்புறது சுலபம்" என்றார். இப்படித்தான் நான் வெளிநாட்டுப் பயணி ஆனேன்.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிற வழியில், கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. பெருமூச்சு ஒன்று விட்டு, முன்பக்கம் புகை கக்கி, அவ்வளவுதான். நம் ஊராக இருந்தால் இந்நேரம் கண்டக்டரின் சட்டைக் காலரில் நாலு கை விழுந்திருக்கும். இங்கே எல்லாரும் பிள்ளை குட்டிகளோடு இறங்கி, சாலையோரம் நின்று மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாராச்சும் கேளுங்களேன்யா!" என்று கத்தினேன். பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து ஒரு சிங்களத்து அம்மா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து என்னை உட்கார வைத்தார். கத்துகிறவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார் போல. பால் இல்லாத தேநீரும், கடித்துக்கொள்ளக் கித்துள் என்கிற பனையின் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார். காசு நீட்டினால் கையைத் தட்டிவிட்டார். என் கோபம் கருப்பட்டியோடு சேர்ந்து கரைந்துபோனது.

அந்தப் பஸ் கிளம்பவே இல்லை. ரிஸ்வான் நானாதான் தன் கடை வேனை எடுத்துக்கொண்டு வந்து என்னை அள்ளிக்கொண்டு போனார். நானா என்றால் அங்கே முஸ்லிம் பேச்சில் அண்ணன். கண்டி நகரத்துக்குள் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். பெங்களூர் சாரின் கண்டிக் கிளை இவர்தான். ஒல்லியான மனிதர், சட்டைக் கையில் பச்சை பெயிண்ட், வாயில் ஓயாத பேச்சு.

"பஸ்ஸ நம்பி வந்தீங்களே, மொதல்லயே எனக்கு ஒரு போன் எடுத்தீக்கலாமே! எனக்கு உங்கட ரத்தம் கொதிக்காம ஈக்கோணும். அதுதான் முக்கியம்" என்றார். என் குணத்தைப் பெங்களூர் சார் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது.

அவர் வீடு குண்டசாலையில். வாசலிலேயே அவர் மனைவி பரீனா "வாங்க தாத்தா, வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன மீசையா முளைத்திருக்கிறது என்று கேட்டேன். அங்கே அக்காவைத்தான் தாத்தா என்பார்களாம். வீடே சிரித்தது. பிறகு அவள் என்னை நேரே அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். மேடையில் புத்தம் புது மண்சட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. பக்கத்தில் புது அகப்பை.

"நீங்க மரக்கறி மட்டுந்தான் திங்கியெண்டு இவரு சென்னாரு. எங்கட சட்டில எறச்சி, மீனெல்லாம் சமைச்சீக்கி. அதான் உங்களுக்கெண்டு புதிசா வாங்கின. மாசி போடாத சம்பல் இந்த ஊட்டுல இண்டைக்குத்தான் மொதத்தரம்."

மாசி என்பது ஒரு வகைக் காய்ந்த மீன். அது இல்லாமல் அந்த நாட்டில் சம்பல் என்கிற துவையலே கிடையாது. என் விடுதியில் பூண்டு வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னதற்கு, பொறுக்கிப் போட்டுவிட்டுத் தின்னு என்று சொன்னவள் நான். பரீனா வல்லாரைச் சம்பல், முருங்கைக்கீரை, பலாப்பிஞ்சில் செய்த பலாமூசுக் கறி, தேங்காய் ரொட்டி என்று அடுக்கினாள். அத்தனையும் என் ரத்தத்தில் இரும்பு ஏற்றும் திட்டம். கைநிறையப் பேரீச்சம்பழத்தைத் திணித்துவிட்டு, நான் மென்று முழுங்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்தாள். பலாமூசுக் கறியை நம் ஊர்க் கல்யாணச் சமையல்காரர்கள் ஒரு தடவை ருசி பார்க்க வேண்டும். அப்புறம் அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கடையைத் திறந்து வைத்தார் நானா. நான் ஒரு மூலையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒரு கையால் ஆணி நிறுத்துக்கொண்டே மறுகையில் போன். யாங்கூனில் ஒரு டாக்டர், மஸ்கட்டில் ஒரு மலையாளத்து நர்ஸ், யாழ்ப்பாணத்தில் ஒரு தபால்காரர். யாழ்ப்பாணத்துக்காரர் பேசியது எனக்கே கேட்டது: "ஓம் நானா, டொக்டர் இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லுறார். இல்லாட்டி நான் இண்டைக்கே வெளிக்கிட்டு வாறன்." வழக்கமாகக் கொடுக்கிறவர் என்று பெங்களூர் சார் சொன்னாரே, அது இவர்தான்.

நம் ஊரில் செல்வாக்கான ஆள் என்றால் சுவர் முழுக்கப் போட்டோ இருக்கும். மந்திரியோடு ஒன்று, கலெக்டரோடு ஒன்று, சால்வையோடு ஏழெட்டு. இந்தக் கடைச் சுவரில் குழாய் அளவுகள் எழுதிய அட்டை மட்டும்தான் தொங்கியது. ஆனால் இந்த மனிதர் ஒரு போன் போட்டால், எங்கோ ஒரு நாட்டில் முன்பின் தெரியாத ஒருத்தர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். நானே கிளம்பி வந்துதானே உட்கார்ந்திருக்கிறேன். இதற்குமேல் என்ன செல்வாக்கு வேண்டும்?

ரத்த வங்கியில் முதலில் கண்ணில் பட்டது, அங்கே யாரும் யாரையும் "ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வா" என்று விரட்டவில்லை என்பதுதான். நம் பக்கத்தில் நோயாளிக்கு ஒரு பை வேண்டுமென்றால் சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் ஆள் பிடிக்க ஓட வேண்டும். இங்கே ஜனங்கள் தாமாக வந்து, சினிமாவுக்கு வந்த மாதிரி வரிசையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

டொக்டர் நிலந்தி என்னைத் தனியே அழைத்தார். சின்ன உருவம், வெள்ளைக் கோட்டு, சிரிக்காத முகம். தமிழ் கொஞ்சம் தெரியும், மிச்சத்துக்கு நானா. மஞ்சள் காமாலை வந்ததா, பச்சை குத்தியிருக்கிறதா, மாத்திரை சாப்பிடுகிறேனா என்று பெங்களூர் சார் கேட்ட அதே கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று மிடுக்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"மலேரியா?"

"எனக்கா? வந்ததே இல்ல டாக்டர். என் விடுதியில ஒரு பொண்ணுக்குப் போன வருஷம் வந்துச்சு. நான்தான் கூட இருந்து கஞ்சி வச்சுக் குடுத்தேன்" என்றேன், ஏதோ அதற்கும் ஒரு மதிப்பெண் கிடைக்கும் என்கிற மாதிரி.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நானாவின் முகம் வெளுத்தது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை என்ன வாங்கினேன் என்றே புரியவில்லை.

டொக்டர் சிங்களத்தில் சொல்ல நானா மெல்லத் தமிழாக்கினார். இந்த நாட்டில் மலேரியா கிடையாது. ஊர் ஊராக அலைந்து, கொசு தேடி, காய்ச்சல் தேடி, ஒழித்துக்கட்டியிருக்கிறார்கள். கொசு இன்னும் இருக்கிறது, நோய்தான் இல்லை. அந்த நோய் இருக்கிற நாட்டிலிருந்து வந்தவர்களிடம் உடனே ரத்தம் எடுப்பதில்லை. உடம்பில் எந்தக் குறியும் காட்டாமல் ரத்தத்தில் அது ஒளிந்திருக்கலாம். பிரசவமான பெண்ணின் உடம்புக்குள் அதை ஏற்றினால் அவள் தாங்க மாட்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். பெங்களூர் சாருக்கு மலேரியா என்பது மழைக்காலத்தில் வந்து போகும் விருந்தாளி, கேட்கத் தோன்றவில்லை. நானாவுக்கு அது தன் வாப்பா காலத்துக் கதை, அதுவும் ஞாபகம் வரவில்லை. ஒரு நாட்டில் எப்போதும் இருப்பதாலும் இன்னொரு நாட்டில் இல்லவே இல்லாததாலும் இரண்டு பக்கத்துப் புத்திசாலிகளும் சேர்ந்து அந்த ஒரே கேள்வியை விட்டுவிட்டார்கள். அதற்குள் நான் கடலைத் தாண்டி வந்தாகிவிட்டது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவு தூரம் வந்தவளை நோய் புடிச்சவ மாதிரி பாக்குறாங்களே! நானா, ஊருக்குள்ள ஒரு மந்திரி, எம்.பி. யாரையும் தெரியாதா உங்களுக்கு? ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

நானா தலையை ஆட்டினார். "வாணாம் தாத்தா. இந்த டொக்டர்ட கதைய மந்திரி கேப்பாரு. மந்திரிட கதைய டொக்டர் கேக்க மாட்டாங்க."

அதற்கு மேல் நான் என்ன பேசுவது? வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

உள்ளே போன டொக்டர் யார் யாரிடமோ போனில் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். வேறு நோயாளியாக இருந்தால் முடியாது என்று முடித்துவிடுவாராம். இந்தப் பெண்ணுக்கு வேறு வழியே இல்லாததால், மலேரியாப் பரிசோதனை செய்யலாம், இருக்கிற எல்லா விதத்திலும் செய்யலாம், சுத்தமாக இருந்தால் பெரிய டொக்டர் முடிவெடுப்பார் என்றார். சற்று நேரத்தில் மலேரியா அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நரைத்த மீசை, குடை, தோள்பை. என் விரலைக் குத்தி, கையிலும் ரத்தம் எடுத்துக்கொண்டார். மறுநாள் வெசாக் போயா, புத்தர் பிறந்த பௌர்ணமி. நாடு முழுக்க விடுமுறை. "அப்ப முடிவு எப்ப வரும்?" என்று கேட்டேன். அவர் நானாவிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"நோய்க்கு லீவு இல்லியாம். அதால இவருக்கும் இல்லியாம்" என்றார் நானா.

மத்தியானம் கடைக்கு ஒரு வாலிபன் வந்தான். கையில் ஈரத்துணியில் சுற்றிய பொன்னாங்கண்ணிக் கீரை. பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் மாறி வந்து, ஆஸ்பத்திரியில் விஷயம் கேள்விப்பட்டிருக்கிறான். பெயர் சிவா. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற அந்தப் பெண் செல்வராணியின் புருஷன். எனக்குக் கொடுக்கச் சொல்லித்தான் கீரை. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பொம்பளை வந்து பெயிண்ட் டப்பா நடுவில் உட்கார்ந்திருந்தால் எவனுக்குத்தான் தெரியாது?

"வேணாம்னு சொல்லிட்டாங்களா நானா?" என்று கேட்டான்.

"இன்னும் செல்லல்ல. டெஸ்ட் எடுத்தீக்கி. துஆ செய்வோம்."

சிவா என் பக்கம் திரும்பினான். "அவகிட்ட நான் இதெல்லாம் சொல்லலங்க அக்கா. இந்தியாவுல இருந்து அக்கா வந்துட்டாங்கன்னு மட்டுந்தான் சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் நேத்துதான் நல்லாத் தூங்குனா."

காலையில் என் மானம், என் மரியாதை என்று குதித்தேனே, அதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் ஒருத்தி வந்துவிட்டேன் என்று நம்பி எவளோ ஒருத்தி கண்ணை மூடித் தூங்கியிருக்கிறாள். அன்றைக்குப் பரீனா அந்தக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தாள். ஒரு இலை மிச்சம் வைக்காமல் தின்றேன். ருசி தெரியவில்லை. என் சமயபுரத்தாளையும், கூட கண்டிப் பக்கத்தில் எந்தெந்தச் சாமி இருக்கிறதோ எல்லாரையும் வேண்டிக்கொண்டேன்.

வெசாக் அன்று காலை, நானா எனக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அங்கிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினார். "தாத்தா, ரெண்டு கத. ஒண்டு நல்லது, உங்கட ரத்தம் சுத்தம், பெரிய டொக்டரும் சரியெண்டுட்டாரு. மத்தது, அந்தப் புள்ளைக்கு லேசா ரத்தம் போகத் தொடங்கிட்டு. அடுத்த கிழமை ஈந்த ஒப்பரேஷன நாளைக்குக் காலைல வெச்சீக்காங்க. உங்கட ரத்தத்துல மத்த எல்லா டெஸ்டும் எடுக்கோணும், அதுக்கு நேரம் போகும். உடனே வாங்க!"

பரீனா நீட்டிய ரொட்டியைக்கூட வாங்காமல் பக்கத்து வீட்டு சுனிலின் ஆட்டோவில் ஏறினேன். த்ரீவீல் என்கிறார்கள். சுனிலுக்குத் தமிழ் பத்து வார்த்தை, எனக்குச் சிங்களம் அதுவும் இல்லை. குண்டசாலையைத் தாண்டியதுமே பார்த்தேன், வீட்டுக்கு வீடு காகித விளக்குக் கூண்டுகள், சாலை முழுக்க வெள்ளை உடுப்பில் ஜனம். கொஞ்ச தூரம் போனதும் வண்டிகள் அப்படியே நின்றன. விபத்தோ என்று எட்டிப் பார்த்தேன். விபத்தில்லை, சோறு!

தன்சல் என்கிறார்கள். வெசாக் அன்று போகிற வருகிறவர்களையெல்லாம் மறித்துச் சும்மா சாப்பாடு போடுவது. நாமும் அன்னதானம் செய்கிறோம், தெரியாமல் இல்லை. ஆனால் நம்மிடம் பசித்தவன்தான் வரிசையில் நிற்பான். இங்கே கொடுப்பவன் கொடியைப் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் நின்று, பஸ், கார், லாரி எதையும் விடாமல் மறிக்கிறான். சாப்பிடாமல் போனால் அவர்களுக்குப் புண்ணியம் குறைந்துவிடுமாம். புண்ணியத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஊரையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பாவிகள்!

கொடியோடு ஒருவர் எங்கள் வண்டிக்குள் தலையை நீட்டி இறங்கச் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சிரித்தார். கத்தினேன். இன்னும் நன்றாகச் சிரித்தார். "ஐயா, அங்க ஒரு பிள்ளத்தாச்சி ரத்தம் போய்க்கிட்டுக் கிடக்குறா! வழிய விடுங்கய்யா!" என்று கத்தும்போது என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வார்த்தை புரியாவிட்டாலும் அழுகை அவருக்குப் புரிந்தது. சுனில் ஆட்டோவிலிருந்து எட்டிக் குதித்து, என் முழங்கை மடிப்பைத் தொட்டுக் காட்டி, ஆஸ்பத்திரிப் பக்கம் கையை நீட்டி, சிங்களத்தில் படபடவென்று சொன்னான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கொடிக்காரர் கொடியைச் சுழற்றிக்கொண்டு சாலையில் ஓட ஆரம்பித்தார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். முன்னால் நின்ற வண்டிகளின் முதுகில் தட்டித் தட்டி ஓரம் கட்ட வைத்தார்கள். எங்கள் ஆட்டோ நடுவில் கிடைத்த சந்தில் ஊர்ந்து, பிறகு பறந்தது. ஆனாலும் ஒரு அம்மா கூடவே ஓடி வந்து, ஒரு சோற்றுப் பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டுத்தான் நின்றார். புண்ணியத்தை விடவில்லை.

ரத்த வங்கியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" வெறும் வயிற்றோடு எடுக்க மாட்டார்களாம். நான் திருதிருவென்று விழித்தேன். பிறகு அந்தப் பொட்டலத்தை அங்கேயே பிரித்தேன். சோறு, பருப்பு, மரவள்ளிக் கிழங்குக் கறி. சம்பலை ஓரமாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன். எத்தனையோ கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவு அவசரமாகவும் அவ்வளவு நன்றியோடும் சாப்பிட்டதில்லை.

என் இரும்புச் சத்து சோதனையில் தேறியதற்குப் பரீனாவுக்கும் பொன்னாங்கண்ணிக்கும் பாதிப் பங்கு உண்டு. அந்த நீளக் கூடத்தில் கட்டில் கட்டிலாக வெள்ளை உடுப்புக்காரர்கள் கையை நீட்டிப் படுத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு குடும்பமே வந்திருந்தது. அம்மாவின் திவசமாம். புண்ணியம் அம்மாவுக்குப் போய்ச் சேர வேண்டுமென்று அண்ணன் தம்பி தங்கை மூவரும் ரத்தம் கொடுக்கிறார்கள். நாம் காக்கைக்குச் சோறு வைத்துக் காத்திருக்கிறோம், இவர்கள் மனுஷனுக்கே ரத்தம் வைக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமைகூட வந்தது. டொக்டர் நிலந்தி தானே வந்து என் கையில் ஊசியைப் போட்டார். பை நிரம்பியதும் அதைக் கைக்குழந்தையைப் பிடிப்பது போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை என்னால் சும்மா உட்கார முடியவில்லை. பரீனாவை அடுப்படியிலிருந்து துரத்திவிட்டு, அவள் எனக்காக வாங்கிய சட்டியில் புளியோதரை கிளறினேன். அவள் வாசலில் போனும் கையுமாக நின்றாள். நல்லெண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகாய் கருகியேபோனது, கவனிக்கவில்லை. போன் அடித்தது. பரீனா கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ். பொம்புளப் புள்ள. உம்மாவும் நல்லா ஈக்கியாம், புள்ளையும் நல்லா ஈக்கியாம்" என்றாள். நான் அகப்பையோடு அவளைக் கட்டிக்கொண்டேன்.

"அப்ப நம்ம ரத்தம்?"

"அது தேவப்படல்லியாம் தாத்தா. நெனச்ச அளவுக்கு ரத்தம் போகல்லியாம்."

இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். எனக்குச் சுருக்கென்றது. தாயும் பிள்ளையும் பிழைத்த சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு சின்ன ஏமாற்றம். இவ்வளவு பாடுபட்டு வந்து, என் ரத்தம் கடைசியில் பிரிட்ஜுக்குள் உட்கார்ந்திருக்கிறதா? உடனே, "ச்சீ, என்ன ஜன்மம் நீ" என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டினாலும் அது போகவில்லை.

மறுநாள் டொக்டர் நிலந்தியிடமே கேட்டுவிட்டேன். "வீணாப் போச்சா டாக்டர்?" அவர் தனக்குத் தெரிந்த தமிழில் தானே சொன்னார். "அம்மா, அந்தப் பை ஒப்பரேஷன் மேசைக்குப் பக்கத்தில இருந்தது. அதனாலதான் பெரிய டொக்டர் கை நடுங்க இல்ல." அந்தப் பை இன்னும் சில வாரம் தாங்குமாம். அதற்குள் எங்கிருந்தாவது அழைப்பு வந்தால் போகும். அதுதான் நல்ல உபயோகம், அவசரமில்லாமல் காத்திருப்பது என்றார். எனக்கு மனசு ஆறிவிட்டது. பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "விதிப்படி நீங்கள் நோயாளியைப் பார்க்கக் கூடாது. பார்வையாளர் நேரத்தில் யார் எந்த வார்டுக்குப் போகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை" என்று நானாவிடம் சிங்களத்தில் சொன்னார்.

சிவா எங்களை வார்டுக்குக் கூட்டிப் போனான். செல்வராணி சோர்ந்து கிடந்தாள். மாநிறம், பெரிய கண். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் ஒரு சிவந்த மூக்கு. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். "படு புள்ள, தையல் பிரிஞ்சிடும்" என்று அதட்டினேன். என் கையைப் பிடித்து, ஊசி போட்ட இடத்தில் இருந்த சின்னப் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அதட்டுவதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு கேட்டாள். "அக்கா, எனக்கும் ஒங்களுக்கும் ஒரே ரத்தம்னு டொக்டர் சொன்னாங்க. வேற யாருதும் நமக்குச் சேராதாமே?"

"ஆமா. யாருதும் சேராது."

"அப்ப ஒங்களுக்கு ஒண்ணுன்னா யாருக்கா குடுப்பாங்க?"

சேலத்துக்குப் போனேன், கொச்சிக்குப் போனேன், கடல் தாண்டியும் வந்தேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் மேல் அக்கறையுள்ள பெங்களூர் சார்கூட, "படியில பாத்து இறங்குங்கம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"திருச்சியில யாரும் இல்லம்மா" என்றேன்.

செல்வராணி யோசித்தாள். பன்விலயைத் தாண்டிக் கண்டிக்கு வருவதே பெரிய பயணம் அவளுக்கு. பிள்ளையின் மேல் துணியைச் சரி செய்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, பாஸ்போர்ட் எடுக்க எங்க போகணும்னு அந்த நானாகிட்ட கேளுங்க."